பண்டாரவளைக்கு உப்பு வந்த மாட்டுப் பாதை



ஊவா மலைநாட்டுக்கு ரயிலும் தார் ரோடும் வருமுன், உப்பு மாட்டு முதுகில்தான் ஏறி வந்தது. மலையில் நெல்லும் குரக்கனும் விளையும். மிளகும் பாக்கும் கிடைக்கும். உப்பு கிடைக்காது. அது அம்பாந்தோட்டைக் கரையில், லேவாயா எனப்படும் களப்புகளில், வெயில் காலத்தில் தானே உறைந்து கிடக்கும். அங்கிருந்து வெல்லவாய வரை சமவெளிக் காடு. பிறகு எல்ல கணவாயில் செங்குத்தான ஏற்றம். ஏறி முடித்தால் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் பண்டாரவளை.

இப்படிப் பொதிமாடுகள் கூட்டமாகச் செல்வதற்குத் தவளம் என்று பெயர். வண்டி போக முடியாத ஒற்றையடிப் பாதையில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். முதுகின் இருபுறமும் சம எடையில் இரண்டு பொதிகள் தொங்கும். ஒரு பக்கம் கனத்தாலும் ஏற்றத்தில் பொதி சரிந்துவிடும். முன்மாட்டின் கழுத்துமணி ஓசையைப் பின்தொடர்ந்து மற்றவை வரும். இரவானதும் பொதிகளை இறக்கி, மாடுகளைக் கட்டி, சிறுத்தைக்கு அஞ்சி விடியும்வரை தீ வளர்ப்பார்கள். உப்பும் கருவாடும் துணியும் மேலே ஏறும். பாக்கும் மிளகும் கீழே இறங்கும்.

தவளம் நடத்தியவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். கண்டி அரசில் போக்குவரத்துக்கென்றே மடிகே என்ற தனித் துறை இருந்தது. அதன் பொதிமாடுகளும் பெரும்பாலும் இவர்கள் பொறுப்பில்தான் இருந்தன. கரையை இழந்த ஓர் அரசு நிலைத்து நின்றதில் படைவீரருக்கு இருந்த பங்கு இந்த மாட்டுக்காரருக்கும் உண்டு. 1766 ஒப்பந்தத்தில் கரையோரத்தை டச்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்கூட, தன் குடிகள் உப்பு அள்ளும் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

1817-18இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயப் படை, வயல்களோடு மாடுகளையும் அழித்தது. மாடு போனால் உழவும் போயிற்று, பொதியும் போயிற்று. அந்த அடியிலிருந்து ஊவா எழ வெகுகாலம் ஆயிற்று.

பின்னர் கோப்பித் தோட்டங்கள் வந்தன. அவற்றுக்காக ரோடுகள் வெட்டப்பட, பொதிமாட்டின் இடத்தைக் கரத்தை பிடித்தது. அரிசி ஏற்றிவந்த கரத்தைகள் கோப்பி மூட்டைகளுடன் திரும்பின.

ரயில் 1894இல் பண்டாரவளையை எட்டியது. பதுளைக்குப் போகவோ 1924 பெப்ரவரி ஆயிற்று. இடையில் பல ஆண்டுகள் பாதையின் கடைசி நிலையம் பண்டாரவளையே. பதுளைப் பக்கத்துத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகளை ரயிலேற்றுவதற்கு மாடுகள் இங்கே இழுத்து வந்தன. ஊர் கடைவீதியாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கரையோர மாடுகளுக்கும் நல்ல காலம் இல்லை. 1909இல் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் வெக்கை நோய் பரவி மந்தைகளைக் கொன்றது. அப்போது அங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் எழுத்தாளர் லெனார்ட் வுல்ஃப். லொறி வந்தபின் தவளம் முற்றாக நின்றது.

வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் ஏ-23 வீதி இன்றும் அதே கணவாய் வழியாகத்தான் செல்கிறது.