பள்ளி நூலகத்துக்கு அளவுகோல் வைப்பது யார்?

கேள்வி: எல்லாப் பள்ளி நூலகங்களுக்கும் ஒரே தரத்தைச் சிலாங்கூர் மாநில அரசே நிர்ணயிக்கக் கூடாதா?
– வாசகர், கம்போங் மேடான்

பதில்: அதற்கு அதிகாரமில்லை. மலேசியாவில் கல்வி கூட்டரசின் கையில் இருக்கிறது. மாநிலக் கல்வி இலாகாவும் புத்ராஜெயாவுக்குத்தான் பதில் சொல்கிறது. சிலாங்கூர் அரசின் பொறுப்பில் வருபவை பொது நூலகங்கள். ஷா ஆலாமின் ராஜா துன் ஊடா நூலகம் அப்படிப்பட்டது.

அளவுகோல் இல்லாமலும் இல்லை. பள்ளி வள மையங்களுக்குக் கல்வி அமைச்சு ‘ஐக்யூ-பிஎஸ்எஸ்’ என்ற தரக் குறியீட்டை வைத்திருக்கிறது. நிர்வாகம், நூல் சேகரிப்பு, பயன்பாடு என ஒவ்வொன்றுக்கும் பள்ளியே தனக்குப் புள்ளி போட்டுக்கொள்ளும். தன் தேர்வுத்தாளைத் தானே திருத்தும் மாணவன் எவ்வளவு கறாராக இருப்பான்? 1990களின் இறுதியில் வந்த நிலாம் வாசிப்புத் திட்டத்திலும் படித்த நூல்களின் எண்ணிக்கைக்கே மவுசு அதிகம்.

உண்மையான சிக்கல் ஆள்தான். நூலக ஊடக ஆசிரியர் பல பள்ளிகளில் வகுப்பும் எடுக்கிறார். மிஞ்சும் நேரம் நூலகத்துக்கு. தகுதிபெற்ற நூலகர் வேண்டும் என்று அனைத்துலக நூலகச் சங்கக் கூட்டமைப்பின் 2015 வழிகாட்டி வலியுறுத்துகிறது. புதிய விதிகளைவிட இதுவே அவசரம்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்: ஓய்வு நேரத்தில் நூலகம் திறந்திருக்கிறதா? இவ்வாண்டு எத்தனை தமிழ் நூல்கள் வாங்கினார்கள்?