ஒரு காதில் அடுத்த பாட்டு

டிஜே ஆக வேண்டும் என்று என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் செல்போனில் ஒரு படத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். போன மாதம் வந்த கல்லூரி மாணவர் காட்டிய படத்தில் இரண்டு சிடிஜே-3000 பிளேயர்கள், நடுவில் நான்கு சேனல் மிக்ஸர். அந்தப் பிளேயர் ஒன்றின் விலையே இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டும். "அண்ணா, அப்பா சீட்டு எடுத்துத் தரேன்னு சொல்லியிருக்காரு. மேல கொஞ்சம் கடன் வாங்கினா இது வந்துடும்ல?" என்று கேட்டார். அவரிடம் அன்று மாலை பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். காதுவழிக் கதைகளை நம்பி ஒரு வீடு கடனில் விழுவது எனக்குப் பொறுக்கவில்லை.

"கிளப்பில் இருக்கிற அதே கருவி வேண்டும்"

வேண்டாம். கிளப்பில் அந்தக் கருவிகளை வாங்கி வைத்திருப்பவர் கிளப் முதலாளி. பெரிய மேடைகளில் அவை வாடகைக்கு வருகின்றன. பாட்டுப் போடுபவர் தோள்பையில் கொண்டுபோவது ஒரு ஹெட்போனும் பாட்டு ஏற்றிய இரண்டு பென்டிரைவும்தான். வீட்டில் பழக, லேப்டாப்போடு இணைக்கும் கன்ட்ரோலர் ஒன்று போதும். இரண்டு ஜாக் வீலும் நடுவில் மிக்ஸரும் ஒரே பெட்டியில் வந்துவிடும். பயனியரின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்றவற்றில் பொத்தான்கள் இருக்கும் வரிசையும் ஏறக்குறைய கிளப் கருவியை ஒட்டியதே. இங்கே பழகிய கை அங்கே போய்த் தடுமாறாது.

ஆனால் விலை குறைவு என்பதற்காக எதையாவது வாங்கிவிடவும் கூடாது. கடையில் பிள்ளைகள் விளக்கு எரிவதையும் பேட்களின் எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடும்போது, வெளியே யாருக்கும் கேட்காமல், அடுத்த பாட்டை என் ஹெட்போனில் மட்டும் கேட்க முடியுமா? 'கியூ' என்று சொல்வது இதைத்தான். இதற்கு, ஸ்பீக்கருக்கு ஒரு வழியும் ஹெட்போனுக்குத் தனியாக இன்னொரு வழியும் கொடுக்கும் சவுண்ட் கார்டு கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்க வேண்டும். மிக மலிவான சில பெட்டிகளில் அது இருக்காது. லேப்டாப்பின் ஒரே ஒரு ஹெட்போன் துளையை நம்பித்தான் அவை ஓடும். அப்படிப்பட்டதை வாங்கியவர் வீடு திரும்பி முதல் நாள் மாலையிலேயே திகைத்துப் போவார். கடையிலேயே ஹெட்போனைச் செருகி, இரண்டு பாட்டை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இந்த ஒரு வசதியை நான் ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், இந்தக் கலையே இதிலிருந்து வளர்ந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூவில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் பொது அறையில், தங்கை வைத்த விருந்தில் கூல் ஹெர்க் பாட்டுப் போட்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, வெறும் தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை நீட்டுவது அவர் முறை. கூட்டம் மயங்கியது. ஆனால் ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குத் தாவும்போது தாளம் தப்பும். அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், தொழிற்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த இளைஞர். அடுத்த தட்டைத் தான் மட்டும் முன்கூட்டிக் கேட்க ஒரு சுவிட்சைத் தன் கையாலேயே பொருத்திக்கொண்டார். தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, தாளம் தொடங்கும் இடத்தைக் கண்ணாலும் பிடித்தார். அவருக்கு லட்ச ரூபாய்க் கருவி எதுவும் கிடைக்கவில்லை. ஒரு காது கூட்டத்தோடு, மறு காது அடுத்த பாட்டோடு இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"வைனல் தட்டில் தொடங்கியவன்தான் அசல் டிஜே"

இதைச் சொல்பவர்கள் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளைக் கோயில் விக்கிரகம்போலப் பேசுவார்கள். எனக்கும் அதன் மேல் பெரும் மரியாதை உண்டு. ஆனால் 1972இல் அது வந்தது, வீட்டில் உட்கார்ந்து நல்ல ஒலியில் பாட்டுக் கேட்பவர்களுக்காக. தட்டைச் சுற்ற பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேரடியாகச் சுற்றியதால், கையால் நிறுத்திப் பிறகு விட்டதும் உடனே வேகம் பிடித்தது. அதைக் கண்டுகொண்டு டிஜேக்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1979இல் வந்த அதன் எம்கே2 மாதிரியில்தான் வேகத்தை 8 சதவீதம் கூட்டவும் குறைக்கவும் நீளவாக்கில் தள்ளும் பிட்ச் கட்டுப்பாடு அமைந்தது. ஆக, அன்றைய டிஜேக்களும் கையில் கிடைத்ததை வைத்துத்தான் தொடங்கினார்கள். ஸ்கிராட்ச் கற்க ஆசை இருந்தால் தட்டு பழகுங்கள். மற்றவர்களுக்கு அது கட்டாயம் இல்லை.

"சிங்க் பட்டன் இருக்கிறது, இனி காது எதற்கு?"

இரண்டு பாட்டின் தாளத்தைத் தானாகவே பொருத்தித் தருவது சிங்க். இதற்கு நேர் எதிராக, அதைத் தொட்டாலே பாவம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்கு உடன்பாடில்லை. கம்ப்யூட்டரில் தாளம் அடித்து உருவாக்கிய ஹவுஸ், டெக்னோ போன்ற பாட்டுகளில் சிங்க் துல்லியமாக வேலை செய்யும். தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

நம் ஊர் ரிசெப்ஷனில்தான் அது காலை வாரும். மென்பொருள் பாட்டின் மேல் சம இடைவெளியில் கோடுகள் போட்டு, அந்தக் கோடுகளை ஒன்றோடொன்று பொருத்துகிறது. எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளோ வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தவை. பல்லவியில் இருந்த காலப்பிரமாணம் சரணத்தில் ஒரு நூலிழை ஏறும், இடையிசையில் இறங்கும். மனிதர்கள் வாசித்ததன் அழகு அது. முதல் நிமிடத்தில் பொருந்திய கோடு மூன்றாம் நிமிடத்தில் விலகிப் போயிருக்கும். இன்னொரு சிக்கல் நம் குத்துப் பாட்டு. அதில் பெரும்பாலானவை திஸ்ர நடை. ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று எண்ண வேண்டும். இரண்டும் நான்குமாக எண்ணப் பழகிய மென்பொருள், நிமிடத்துக்கு 100 அடி ஓடும் பாட்டை 150 என்று காட்டுவது உண்டு. அதை நம்பி சிங்க் அழுத்தினால், ஆடிக்கொண்டிருந்த சித்தப்பாவும் அத்தையும் கால் தப்பி நிற்பார்கள். திரையில் எண்ணைப் பார்க்காமல், தொடையில் தட்டி எண்ணிப் பாருங்கள். பறை அடிப்பவர்களோடும் தவில்காரர்களோடும் ஒரு மாலை உட்கார்ந்து கேட்ட பிறகு எனக்குத் தெளிந்த விஷயங்கள் எந்தப் பயிற்சி வீடியோவிலும் கிடைத்ததில்லை.

தாளம் பொருத்துவதே முழுக் கலை என்றும் எண்ண வேண்டாம். 1970இல் நியூயார்க்கில் தான் குடியிருந்த இடத்திலேயே 'லாஃப்ட்' நடன இரவுகளைத் தொடங்கிய டேவிட் மான்குசோ, பின்னாளில் மிக்ஸரையே எடுத்துவிட்டார். ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை முழுதாக ஓடவிட்டார். அடுத்து எது என்ற தேர்வுக்காகவே மக்கள் பல ஆண்டுகள் அவரைத் தேடி வந்தார்கள்.

பாட்டுச் சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாக: யூடியூபிலிருந்து உருவி, 320 கேபிபிஎஸ் எம்பி3 என்று மாற்றிக்கொண்டால் தரம் ஏறாது. போன ஒலி போனதுதான். செல்போனில் தெரியாத குறை மண்டபத்து ஸ்பீக்கரில் தெரியும். காசு கொடுத்து வாங்கி, லேப்டாப்பில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக வையுங்கள். மண்டபத்து நெட்டை நம்பிப் போகாதீர்கள்.

"சிவப்பு விளக்கு எரிந்தால்தான் சத்தம் எடுபடும்"

என் முதல் ரிசெப்ஷனில் நானும் இப்படித்தான் நம்பினேன். கூட்டம் ஆடத் தொடங்கியதும் மிக்ஸரில் எல்லாவற்றையும் ஏற்றினேன். சிவப்பு அணையவே இல்லை. ஒன்பதரை மணிக்கு இடப்பக்க ஸ்பீக்கரின் ட்வீட்டர் கருகிப் போனது. சிவப்பு என்றால், கருவி தாங்கும் அளவைத் தாண்டி, ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுகிறது என்று பொருள். வெட்டுப்பட்ட அலை சத்தத்தைவிடக் கரகரப்பைத்தான் அதிகம் கூட்டும், மெல்லிய ட்வீட்டர் சுருளைச் சுட்டுவிடும். மைக் செட் அண்ணன் என்னைத் திட்டவில்லை. "தம்பி, சத்தம் வேணும்னா என்கிட்ட கேளு, நான் ஆம்ப்ளிஃபயர்ல ஏத்துறேன். உன் பெட்டில பச்சையத் தாண்டாத" என்றார். ட்வீட்டருக்கான பணத்தை மூன்று தவணையில் கொடுத்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ட்வீட்டரை மாற்றிவிடலாம், காதை மாற்ற முடியாது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்கு வகுத்த பாதுகாப்பு அளவுகளில் ஒன்று. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது பதினைந்து நிமிடம். நடன மேடைக்குப் பக்கத்தில் அந்த அளவு சாதாரணம், நாம் அங்கே நிற்பதோ நான்கு மணி நேரம். ஹெட்போன் சத்தம் அதற்கும் மேலே. நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்து படுத்ததும் காதில் கேட்கும் அந்த 'ங்ஙொய்ய்' பலருக்கு ஒரு நாள் போகாமலே தங்கிவிடுகிறது. பிறகு அடுத்த பாட்டை எந்தக் காதால் முன்கூட்டிக் கேட்பது?

அந்த மாணவர் இப்போது ஒரு சிறிய கன்ட்ரோலரும், காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்றும் வாங்கியிருக்கிறார். சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி அப்பாவிடமே இருக்கிறது. இசைக்காரர்கள் போடும் காதடைப்பான் ஒரு ஜோடியையும் அதே பில்லில் சேர்க்கச் சொல்லியிருந்தேன், சேர்த்திருக்கிறார். பாட்டின் உருவம் கெடாமல் சத்தத்தை மட்டும் குறைத்துக் கொடுக்கும். அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு வரும்போது அதைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.