தலைசுற்றலுக்கு வயது காரணமன்று

மெய்நிகர் உலகம் என்று இக்காலத்தில் வழங்கும் விநோதத்தைக் காணப் புறப்படுகிற, என்னைப்போலவே அறுபதைக் கடந்து மூக்குக்கண்ணாடியும் அணிந்திருக்கும் அன்பர்களுக்கு நான் முதலில் விண்ணப்பித்துக்கொள்வது, அந்தக் கருவியைத் தலையில் மாட்டிக்கொள்ளுமுன் தங்கள் இரு கண்மணிகளுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டு போகவேண்டும் என்பதுதான். இந்தச் சிறு விஷயத்தைக் கேட்டறியாத ஒரு கடைக்காரரால், சிங்கப்பூர் டோபி காட் வட்டாரத்துக் கடைத்தொகுதி ஒன்றில், பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, குப்பைத்தொட்டியைப் பற்றியபடி நான் உட்கார நேர்ந்தது, “வயசாச்சு மாமா, இதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்று அன்று சொன்ன என் மாப்பிள்ளை, வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் இன்னும் அதையே சொல்லி வருகிறார்.

பிரமைகளைக் காசு கொடுத்துக் காண்பது அந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் ஓடையில் துணி வெளுத்துப் பக்கத்து மைதானத்தில் உலர்த்தியதால் பெயர் பெற்ற அவ்விடத்தில், 1939-இல் கேத்தே திரையரங்கம் குளிர்சாதன வசதியோடு திறக்கப்பட்ட காலந்தொட்டு ஜனங்கள் இருட்டில் அமர்ந்து இல்லாததைக் கண்டு களித்திருக்கிறார்கள். (வெயிலை நம்பிப் பிழைத்த அந்த இடத்தில் விற்கும் இக்கருவிக்கு வெயில் பரம சத்துரு. ஜன்னலோரம் வைத்தால் வில்லை வழியே குவியும் சூரிய ஒளி உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும், வாங்குவோர் கவனிக்கவும்.)

பணம் செலுத்துவது, படிவத்தில் கையொப்பமிடுவது, கைப்பிடிகளின் வாரை மணிக்கட்டில் மாட்டுவது ஆகியவற்றை ஊழியர் சொல்கிறபடி செய்தால் போதும். வில்லைகளின் இடைவெளிதான் அவர்கள் சொல்லாமல் விடுவது. எனக்குக் கொடுத்தது குவெஸ்ட் 2 என்ற கருவி. அதன் வில்லைகளை 58, 63, 68 மில்லிமீட்டர் என்ற மூன்று நிலைகளில் கையால் நகர்த்தி வைக்கலாம். எனக்கு முன் அணிந்த சிறுவனுக்காகவோ என்னவோ, அது 58-இல் நின்றிருந்தது, “அங்கிள், ஓகேவா?” என்று கேட்ட இளைஞர் என் பதிலுக்குக்கூடக் காத்திராமல், மலையுச்சியிலிருந்து தலைகுப்புற விழும் ரோலர் கோஸ்டர் காட்சியை முடுக்கிவிட்டார். பின்னர் தேக்காவில் நான் வழக்கமாகப் போகும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அளந்து பார்த்தபோது என் கண்மணிகளின் இடைவெளி 68 என்று தெரிந்தது. பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்தில் எந்த வாலிபனுடைய கண்தான் சகித்திருக்கும்?

புதியவருக்கு முதற்காட்சியாக ரோலர் கோஸ்டரைக் காட்டுவது அந்த அநியாயத்தின் மேல் மற்றோர் அநியாயம். ஓடும் பேருந்தில் செய்தித்தாள் படிப்பவருக்குக் குமட்டுவதன் மறுபக்கமே இது. அங்கே உட்செவி அசைவை உணர, கண் எழுத்தில் நிலைத்திருக்கிறது; இங்கே கண் விழுகிறது, உட்செவியோ நாற்காலியில் சௌகரியமாக இருக்கிறோம் என்று சாட்சி சொல்கிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும் கருவியை அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் 1968-லேயே, பாரம் தாங்காமல் கூரையிலிருந்து தொங்கவிட்டு, செய்து காட்டிவிட்டார்; அரை நூற்றாண்டுக்குப் பின்னும் இந்தக் கண்-செவி விவகாரம் தீரவில்லை என்றால் அது என் முதுமையின் குற்றமாகாது.

இதற்கு நான் கண்ட பிரத்தியட்சப் பிரமாணம் ஒன்று உண்டு. டோபி காட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள தேசிய அரும்பொருளகத்தில், சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் நிர்வாகியான ஃபார்க்குவார் சேர்த்துவைத்த 477 இயற்கைச் சித்திரங்களில் சிலவற்றை உயிர்பெறச் செய்து, ஜப்பானிய டீம்லேப் குழுவினர் 2016-இல் ஒரு வனத்தை வட்டச் சுவர் முழுவதும் ஒளியால் அமைத்திருந்தார்கள். சுழன்று இறங்கும் பாதையில், மலர் உதிர, மிருகங்கள் நகர, நானும் இறங்கினேன். எள்ளளவும் தலை சுற்றவில்லை. அங்கே நடந்தவை என் சொந்தக் கால்கள். கண் கண்டதைக் காலும் செவியும் மறுக்கவில்லை.

ஆகையால் நீங்கள் போனால், நிற்கும் இடத்திலேயே நின்று சுற்றிப் பார்க்கும் காட்சியை, கடலடியையோ நட்சத்திர மண்டலத்தையோ, முதலில் கேளுங்கள். வாசிப்புக் கண்ணாடியைப் பையில் வையுங்கள். திரை கண்ணருகே இருந்தாலும் வில்லைகள் அதை ஒன்றிரண்டு மீட்டர் அப்பால் நிறுத்துவதால், தூரப்பார்வைக்கு உரியதே அங்கு வேண்டும். குமட்டல் தொடங்கிய மாத்திரத்தில், பக்கத்தில் நிற்கும் உறவினர் என்ன சொல்வாரோ என்று பாராமல் கழற்றிவிடுங்கள். நான் மறுபடி வேறொரு கடைக்குப் போய், 68-இல் வைக்கச் சொல்லி, திமிங்கிலம் ஒன்று என் தோளுக்கு மேலாக நீந்திப் போனதைப் பயமும் ஆனந்தமுமாகக் கண்டேன். கோப்பி குடிக்கும் ஆசையோடுதான் வெளியே வந்தேன்.

சென்ற தீபாவளிக்கு முன் மாப்பிள்ளையும் புதுக் கண்ணாடிக்காக அதே தேக்கா கடைக்கு வந்தார். அவருக்கு 59. டோபி காட்டில் அன்று அதே கருவியை மாட்டிக்கொண்டு அவர் சிரித்தபடி இறங்கி வந்ததன் ரகசியம் அந்த எண்தான் என்பதை, கடைக்காரர் முன்னிலையிலேயே அவருக்கு விளக்கினேன். அளவு எழுதிய சீட்டையும் வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.