ஆலமர மானும் அசையும் சித்திரமும்

முன்னுரை

எங்கள் பிள்ளையார்பாளையத்திற்கு மான் புதியதன்று. பட்டுச் சேலையின் கரையிலும் முந்தியிலும் அன்னம், மயில், யாளி ஆகியவற்றோடு மானும் இடம்பெறுவதுண்டு. ஆயினும் நெய்த மான் நின்ற இடத்திலேயே நிற்கும். வரைந்த மான் ஒன்று திரையில் எழுந்து ஓடிய வரலாற்றையும், அதனால் நாம் பெறும் பாடத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கார்ட்டூன் படங்களின் பொற்காலம்

1928-இல் வெளிவந்த ‘ஸ்டீம்போட் வில்லி’ என்னும் ஒலிப்படத்தால் மிக்கி எலி உலகப் புகழ் பெற்றது. அதன்பின் டொனால்டு வாத்து, பக்ஸ் பன்னி முயல், டாம் பூனை, ஜெர்ரி எலி எனப் பல விலங்குகள் திரையை ஆண்டன. இவை பெரும்பாலும் மனிதரைப் போல நடந்து சிரிப்பூட்டியவை. 1942-இல் வந்த ‘பாம்பி’ வேறு வழியில் சென்றது. உயிருள்ள மான்குட்டிகளைக் கலைக்கூடத்திற்கே வரவழைத்து, அவற்றின் நடையையும் துள்ளலையும் கண்டு கண்டு ஓவியர்கள் வரைந்தனர்.

பம்பாய்க்கு வந்த கலை

‘பாம்பி’யில் பணியாற்றியவர்களுள் கிளேர் வீக்ஸ் என்பவரும் ஒருவர். மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் 1956-இல் பம்பாயில் கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியபோது, அவர் அங்கு வந்து நம் நாட்டு இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். அதன் பயனாக 1957-இல் உருவானதே ‘பேனியன் டியர்’, அதாவது ‘ஆலமர மான்’ என்னும் வண்ணப்படம்.

கற்பித்த கை அயல்நாட்டுடையது, கதையோ நம்முடையது. புத்த சாதகக் கதைகளுள் ஒன்று அது. காசி மன்னனின் சோலையில் இரு மான் கூட்டங்கள் இருந்தன. நாளுக்கொரு மான் மன்னனின் உணவுக்காக உயிர் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருநாள் சினையுற்ற பெண்மானின் முறை வந்தது. அதன் கூட்டத் தலைவன் கைவிரித்தான். மற்றக் கூட்டத்தின் தலைவனாகிய ஆலமர மானோ, அவளுக்குப் பதிலாகத் தானே சென்று வெட்டுமரத்தில் தலை வைத்தது. மனம் உருகிய மன்னன் எல்லா உயிர்களுக்கும் அபயம் அளித்தான். மணிமேகலை அறம் கேட்ட காஞ்சியில் வாழும் நமக்கு இக்கதை அந்நியமாகுமோ?

தறியும் திரையும்

திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இருமுறை படம் பிடித்தாலும் நொடிக்கு 12, நிமிடத்திற்கு 720 சித்திரங்கள் தேவை. நம் தெருவில் நடப்பதும் இதுவே அன்றோ! கட்டம் போட்ட கிராப் தாளில் மான் வரையப்படுகிறது. கட்டத்திற்கேற்ப அட்டைகளில் துளையிடுகின்றனர். ஜக்கார்டில் ஓர் அட்டை திரும்ப, உரிய பாவு இழைகள் எழ, ஓர் ஊடை ஓடுகிறது. ஓர் அட்டை தவறினால் மானின் கால் முறியும். ஒரு சித்திரம் தவறினால் மானின் நடை தடுமாறும். சேலையைப் பார்ப்போர் டிசைன் போட்டவர் பெயரை அறியார். படத்தைப் பார்ப்போரும் வரைந்த கைகளை அறியார்.

முடிவுரை

வீக்ஸ் திரும்பிச் சென்றார். கலை இங்கேயே தங்கியது. அவரிடம் பயின்றவர்களுள் ஒருவரான ராம் மோகன், 1992-இல் ஜப்பானியரோடு இணைந்து இராமாயணத்தைக் கார்ட்டூன் படமாக்கினார். 2014-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2019-இல் மறைந்தார். கற்றுக்கொடுக்க ஒருவரும், உடனிருந்து கற்கச் சிலரும் இருந்தமையே இதற்குக் காரணம்.

இன்று டிசைன் போடக் கணிப்பொறி வந்துவிட்டது. அது வேலையை விரைவுபடுத்தலாம். மானின் கழுத்து எங்கே வளைய வேண்டும் என்பதை அறிந்த கண்ணை அதனால் தர இயலாது. அக்கண்ணுடைய பெரியவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றனர். விடுமுறையில் ஒருநாளேனும் அவர்கள் அருகில் பென்சிலோடு அமர்வோமாக! அவர்களோடு அக்கலையும் போய்விட்டால், மீண்டும் கற்பிக்க எந்த நாட்டிலிருந்து யார் வருவார்?