எந்தப் பேனா உசத்தி?

கேள்வி: எபோனைட், செல்லுலாய்டு, அக்ரிலிக் என்று மை பேனாக்களைக் கடைக்காரர் அடுக்குகிறார். பார்வைக்கு எல்லாம் பிளாஸ்டிக்காகவே தெரிகின்றன. இத்தனை வகை எப்படி வந்தது? எதை வாங்கலாம்?

பதில்: எபோனைட் பிளாஸ்டிக் அல்ல, ரப்பர். டயர் ரப்பரில் கந்தகம் கொஞ்சம்தான் இருக்கும். அதையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு ஏற்றி வெகுநேரம் வேகவைத்தால் கருங்காலி போல இறுகிவிடும். அமெரிக்காவின் நெல்சன் குட்இயர் 1851-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ரப்பரைப் பதப்படுத்தும் வழி கண்ட சார்லஸ் குட்இயரின் தம்பி இவர். (டயர் கம்பெனிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை, பெயர் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.)

பேனாக்காரர்கள் இதைப் பிடித்துக்கொள்ளக் காரணம் மைதான். அந்தக் காலத்து மை கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் இரும்பு உப்பும் சேர்ந்தது. அதன் அமிலம் எஃகையும் பித்தளையையும் அரித்துவிடும். எபோனைட்டை ஒன்றும் செய்யாது. கடைசலில் மரை வெட்டினாலும் பிசிறு வராது. 1884-ல் வாட்டர்மேன் தன் மை பேனாவுக்குக் காப்புரிமை பெற்ற காலம் தொட்டு நாற்பது ஆண்டுகள் பேனா என்றால் எபோனைட்தான். குறை, நிறம். கறுப்பு, சிவப்பு, இரண்டும் கலந்த வரி; அதற்குமேல் அதிகம் போக முடியவில்லை.

அந்தக் குறையில் புகுந்தது செல்லுலாய்டு: பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திக் கற்பூரம் சேர்த்தது. யானைத் தந்தத்துக்கு மாற்றாகப் பில்லியர்ட்ஸ் பந்து செய்யத் தேடியபோது வளர்ந்த பொருள். 1924-ல் ஷேஃபர் கம்பெனி பச்சை செல்லுலாய்டு பேனா விட்டது. 1926-ல் பார்க்கரும் மாறியது. எபோனைட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வாட்டர்மேன் பின்தங்கியது. ஆனால் செல்லுலாய்டு சீக்கிரம் தீப்பற்றும். இன்னொரு வேடிக்கை: அக்காலப் பச்சைப் பேனாக்கள் பலவற்றில் மூடி பளிச்சென்று பச்சையாகவே இருக்கும், உடல் மட்டும் பழுத்த இலை நிறத்துக்கு வந்திருக்கும். உள்ளே மை தேக்கும் ரப்பர் பை கசியவிட்ட கந்தக ஆவி செய்த வேலை அது.

அடுத்த மாற்றத்துக்கும் மையே காரணம். எழுதியதும் உலரும் மையைப் பார்க்கர் தயாரித்தது. அதன் காரம் செல்லுலாய்டைக் கெடுத்தது. ஆகவே 1941-ல் வந்த பார்க்கர் 51 அக்ரிலிக்கில் செய்யப்பட்டது. போர் விமானங்களின் கண்ணாடிக் கூடாரமும் அதே பொருள்தான்.

இப்போது வாங்கும் விஷயம். எபோனைட் கைச்சூட்டைக் கடத்தாது, அதனால் மை கக்காது என்பார்கள். பித்தளைப் பேனாவோடு ஒப்பிட்டால் சரி. அக்ரிலிக்கும் சூடு கடத்தாத பொருள்தான், வித்தியாசம் சொற்பம். சுவர் தடிமனாக இருக்கிறதா, மரை இறுக்கமா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் மட்டும் எபோனைட் உண்மையிலேயே ஒரு படி மேல்: நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டை. எபோனைட் கட்டையில் மை நன்றாகப் படிந்து இறங்கும்; பிளாஸ்டிக்கில் சில சமயம் முத்து முத்தாகத் திரண்டு நின்றுவிடும். திருவள்ளூர் ரங்கா, ராஜமுந்திரி ரத்னம் பட்டறைகளில் எபோனைட் தண்டைக் கடைந்து கையாலேயே பேனா செய்கிறார்கள். தடித்த பேனா பிடிக்கும் என்றால் அது. பையில் போட்டு அலைய வேண்டுமானால் அக்ரிலிக்.

கேள்வி: அப்படியானால் தங்க நிப் அவசியமா?

பதில்: அமில மைக் காலத்தில் அவசியம். இன்றைய சாய மைக்கு நல்ல துருப்பிடிக்காத எஃகு போதும். தாளில் தேயும் நுனி எப்படியும் தங்கமல்ல. அங்கே ஒட்டியிருப்பது ஆஸ்மியம், இரிடியம் வகைக் கடின உலோகம்.

கேள்வி: தாத்தாவின் கறுப்புப் பேனா பழுப்பாகிவிட்டது. ஏன்?

பதில்: அது எபோனைட். துணியால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கந்தக வாடை வரும். வெயிலும் ஈரமும் மேற்பரப்பை நிறம் மாற்றிவிட்டன. சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், இன்னும் வெளிறிப்போகும்.