விரைவோட்டமும் ஓடமும்

நம் மொழியில் ஆறு என்னும் சொல்லுக்கு நீரோடும் இடம் என்றும், வழி என்றும் இருபொருள் உண்டு. சமநிலத்தில் அமைதியாய்ச் செல்லும் ஆறு மக்கட்கு வழியாவது வியப்பன்று. மலையைப் பிளந்து, பாறைகளின்மேல் நுரைத்துப் பாயும் ஆறும் வழியாகுமோ எனின், ஆகும். ஆனால், அந்நீரின் இயல்பை முன்னறிந்தார்க்கே அது வழியாகும். ஆற்றுநீர் வெண்ணுரை பொங்க விரைந்து இறங்கும் இடங்களை விரைவோட்டம் என்கிறோம். அவை எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றினூடே ஓடஞ் செலுத்துவோர் அறிய வேண்டுவன யாவை, அவ்வறிவு எத்துணை விலை கொடுத்துப் பெறப்பட்டது என்பவற்றை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கோலராடோ ஆற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வியாசத்தில் ஆராய்வோம்.

விரைவோட்டம் தோன்றும் விதம்

கோலராடோ ஆறு அரிசோனா மாகாணத்தில் கிராண்ட் கான்யன் என்னும் பெரிய மலையிடுக்கின் வழியாகச் செல்லுகிறது. இவ்விடுக்கு ஆற்றின் போக்கில் 277 மைல் நீளமுடையது; சிற்சில இடங்களில் ஒரு மைல் ஆழமுடையது. இதனுள் ஏறக்குறைய 160 விரைவோட்டங்கள் உள்ளன. ஆற்றுப்படுகையில் கடும்பாறை குறுக்கிடுவதே இவற்றிற்குக் காரணம் என்று நாம் எளிதில் எண்ணிவிடுவோம். உண்மை அதுவன்று. இருபுறத்தும் உள்ள சிறு பள்ளத்தாக்குகளில் பெருமழை பெய்யுங்கால், நீரும் சேறும் கல்லும் ஒன்றாய்க் கலந்து, குழைத்த சாந்துபோல் உருண்டு வந்து ஆற்றில் விழுகின்றன. வீட்டளவான கற்களையும் அக்குழம்பு சுமந்து வருவதுண்டு. ஆதலின், பெரும்பாலும் கிளையோடை வந்து கூடும் இடத்திலேயே விரைவோட்டம் காணப்படும்.

அக்கற்குவியல் ஆற்றை ஒருபுறம் நெருக்கி அணைபோல் நிற்கும். அதற்கு மேற்புறத்தில் நீர் தேங்கிக் குளம்போல் அமைதியாகும். பின்னர் அத்தனை நீரும் குறுகிய வாயில் வழியே இறங்க வேண்டுதலின், வேகம் மிகும். லூனா லியோபோல்டு என்னும் நீரியல் அறிஞர் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இம்மலையிடுக்கில் ஆறு இறங்கும் மொத்த உயரத்திற் பாதி, அதன் நீளத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்கே ஆன விரைவோட்டங்களில் கழிகின்றது என்று காட்டினார். எஞ்சிய இடமெல்லாம் ஏறக்குறைய அமைதியான நீரே. ஆகவே, இவ்வாற்றில் அமைதியைக் கண்டு மகிழ்வதினும், அது எதனால் வந்தது என்று வினவுதலே அறிவுடைமை.

நீரைப் படித்தல்

விரைவோட்டத்தின் நீர் முற்றும் குழப்பமாய்த் தோன்றினும், கற்றார்க்கு அதுவும் ஓர் ஏடு. அதன் எழுத்துக்களிற் சிலவற்றைக் காண்போம்.

ஓட்டத்தின் தலைப்பில் நீர் வழவழப்பாய், நாவின் வடிவில், கீழ்நோக்கிக் கூர்ந்து செல்லும். அதுவே ஆழமான வாயில். பெரும்பாலும் ஓடம் அதன் வழியே புகவேண்டும். இதற்கு மாறாக, கூர்முனை மேல்நோக்கி நிற்குமாயின், அம்முனையில் ஒரு பாறை மறைந்துள்ளது என்று உணர்க. பாறையின்மேல் ஏறி அப்பால் விழும் நீர், கீழே குழிந்து, மீண்டும் மேற்புறமாகவே சுருண்டு திரும்பும். இக்குழி ஓடத்தைப் பிடித்து நிறுத்திக் கவிழ்க்கவும் வல்லது. கடலில் அலை செல்லும், நீர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும்; இங்கோ அலை நின்றவிடத்தே நிற்க, நீர் அதனூடே ஓடும். பெரும்பாறைகளின் பின்னும் கரையோரத்தும் நீர் எதிர்முகமாகச் சுழன்று மேலே செல்லும். இச்சுழல்நீர் ஓடக்காரனுக்கு இளைப்பாறும் துறையாகும். ஆயினும் ஓட்டத்திற்கும் சுழலுக்கும் இடையிலுள்ள எல்லையைக் கவனமின்றிக் கடப்பின், ஓடம் புரளும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. நீரின் வேகம் இருமடங்கானால், அது தாக்கும் வலிமை நான்கு மடங்காகும். முழங்கால் அளவே ஆழமுள்ள விரைந்த நீரில் வலியவரும் நிற்கமாட்டாமை இதனாலேயே.

பவல் துரையின் பிரயாணம்

இவ்வெழுத்துக்களை எவரும் கற்பிக்காத காலத்தில் இவ்வாற்றில் இறங்கியவர் ஜான் வெஸ்லி பவல். மெதடிஸ்டு போதகர் ஒருவரின் புதல்வர். இல்லினாய்ஸ் மாகாணத்துக் கல்லூரியொன்றில் நிலநூல் ஆசிரியராயிருந்தவர். 1862ஆம் ஆண்டில் ஷைலோ என்னுமிடத்து நிகழ்ந்த போரில் வலக்கையை இழந்தவர். அவர் 1869ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், ஒன்பது துணைவருடனும் நான்கு மரவோடங்களுடனும், பத்து மாதத்திற்கு வேண்டிய உணவுடனும் வயோமிங் நாட்டிலுள்ள கிரீன் ஆற்றில் புறப்பட்டார். அவ்வாறு கோலராடோவின் பெருங்கிளையாகும். தேசப்படத்தில் ஒன்றும் வரையப்படாது வெறுமையாயிருந்த நிலப்பகுதியை அளந்தறிதலே அவருடைய நோக்கம்.

அவர் உணவை ஓடந்தோறும் பங்கிட்டு வைத்திருந்தார். ஓர் ஓடம் அழியினும் எல்லாம் அழியலாகாது என்பது கருத்து. ஆயின் உயரம் அளக்கும் பாரமானிகள் மட்டும் தவறுதலாக ஒரே ஓடத்தில் சேர்ந்துவிட்டன. ஜூன் மாதத்தில் லோடோர் என்னும் மலையிடுக்கில் அந்த ஓடமே கரையொதுங்கத் தவறி, பாறையில் மோதி இரண்டாய் உடைந்தது. அதிலிருந்த மூவர் ஆற்றிடைத் திட்டொன்றில் ஒதுங்க, துணைவர் மற்றோர் ஓடத்தைச் செலுத்தி அவர்களை மீட்டனர். உடைந்த துண்டில் தங்கியிருந்த பாரமானிகள் மறுநாள் கிடைத்தன. உணவும் உடையும் போனவை போனவையே. முன்யோசனையுள்ளவரும் ஒரு பொருளில் அயர்ந்தால், ஆறு அவ்வொன்றையே நாடிச் செல்லும் போலும்!

அவர்களுடைய ஓடங்கள் நேரே விரைந்து செல்வதற்கு ஏற்றவை, திரும்புவதற்கு ஏற்றவையல்ல. துடுப்பிடுவோர் செல்லுந்திசைக்கு முதுகு காட்டி அமர்ந்து வலித்தமையால், எதிரே வரும் பாறையைக் காணமாட்டாதிருந்தனர். ஆதலால் அச்சந்தரும் இடந்தோறும் கரையிறங்கி, ஓடங்களைக் கயிற்றாற் கட்டி மெல்ல இறக்கினர். அதுவும் இயலாவிடத்து மூட்டைகளையும் ஓடங்களையும் பாறைகளின்மேற் சுமந்து சென்றனர். இவ்வுழைப்பு உடலை மெலிவித்தது. பன்றியிறைச்சி கெட்டது, மாவு ஈரத்தால் பூசணம் பிடித்தது. ஒருவர் ஜூலை மாதத்திலேயே விடைபெற்றுப் போய்விட்டார்.

பிரிவு

ஆகஸ்டு 27ஆம் நாள் அவர்கள் ஒரு பெரிய விரைவோட்டத்தின் தலைப்பை அடைந்தனர். சுமந்து செல்ல வழியில்லை. கயிற்றால் இறக்கவும் இடமில்லை. அன்றிரவு ஓரமெல் ஹௌலண்டு என்பவர் பவலைத் தனியே அழைத்து, இனி ஆற்றில் செல்லுதல் தகாது என்றும், தாமும் தம் தம்பி செனெக்காவும் வில்லியம் டன் என்பவரும் மலையேறிச் செல்லத் துணிந்ததாகவும் கூறினார். பவல் விண்மீன்களை நோக்கித் தாம் நிற்குமிடத்தைக் கணித்தார். வர்ஜின் ஆறு வந்து கூடும் இடம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 45 மைல் தொலைவிலும், ஆற்றின் வளைவுகளின் வழியே அதனினும் மிகுதியான தொலைவிலும் இருக்குமென்று கண்டார். இரவெல்லாம் மணலில் மேலும் கீழும் உலாவினார். முடிவில், முன்செல்வதென்று உறுதி கொண்டார்.

மறுநாட் காலையில் ஒருவரையொருவர் பழிக்கவில்லை; ஒருவர்மேல் ஒருவர் இரங்கினர். ஆற்றிற் செல்வோர் மடிவர் என்று அவரும், மலையேறுவோர் மடிவர் என்று இவரும் எண்ணினர். குறிப்பேடுகளில் ஒரு பகுதி மூவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஓரோடம் அங்கேயே விடப்பட, எஞ்சிய அறுவரும் இரண்டு ஓடங்களில் ஏறி நீரிற் புகுந்தனர். சிறிது நேரத்தில் கீழே பாதுகாப்பாய் நின்றனர். கரையிலிருந்து தோன்றிய அளவிற்கு அவ்வோட்டம் கொடியதன்று. மூவரும் மனம் மாறி வரலாகாதா என்று துப்பாக்கி வெடித்து அழைத்தனர். சற்றுக் காத்தும் இருந்தனர். எவரும் வரவில்லை. அடுத்த நாள், ஆகஸ்டு 29இல், அறுவரும் மலையிடுக்கினின்று வெளிப்பட்டனர். மலையேறிய மூவரும் கொல்லப்பட்டனர். அவ்விடத்துப் பூர்வகுடிகள் கொன்றனர் என்று பவலுக்கு மறு ஆண்டு சொல்லப்பட்டதாயினும், கொன்றவர் யாவர் என்பது பற்றிய வழக்கு இன்றும் தீரவில்லை.

இவ்வரலாற்றைச் சொல்லுவோர், துணிந்தவர் பிழைத்தனர், அஞ்சினவர் மாண்டனர் என்று முடிப்பதுண்டு. நாம் அவ்வாறு முடிக்க ஒருப்படோம். மூன்று மாதம் அத்தனை ஓட்டங்களையும் கடந்த அம்மூவரும் கோழைகளல்லர். உடைந்த ஓடத்திலிருந்து ஒருமுறை தப்பியவர்களில் ஹௌலண்டு சகோதரர் இருவரும் அடங்குவர். இரு சாராரும் தமக்குக் கிடைத்த அறிவைக்கொண்டே துணிந்தனர். அவ்வறிவு போதாமையே இருவர்க்கும் பொதுவான இடுக்கண். ஆதலின், இங்கே நாம் தேடவேண்டுவது குற்றவாளியை அன்று, குறைந்திருந்த அறிவையே.

பின்னர் வந்த திருத்தம்

அக்குறை சிறிது சிறிதாக நிரம்பியது. 1890ஆம் ஆண்டையடுத்த காலத்தில் நதானியேல் காலோவே என்னும் வேட்டைக்காரர், தட்டையான அடியுடைய இலேசான ஓடங்களைச் செய்து, ஆறு செல்லுந் திசையை முகத்தால் நோக்கி அமர்ந்து, ஓட்டத்திற்கு எதிராகத் துடுப்பு வலிக்கும் முறையைக் கையாண்டார். இதன் பயன் பெரிது. நீரோடு ஒத்த வேகத்தில் செல்லும் ஓடத்தைத் தான் வேண்டியவாறு செலுத்த இயலாது. எதிர்த்து வலிப்பதால் அது நீரினும் மெதுவாய்ச் செல்லும். பாறையைக் காணவும் விலகவும் பொழுது கிடைக்கும். விரைந்து முந்துவதினும் தாமதித்து நோக்குவதே இங்கு வெற்றி தந்தது.

1938ஆம் ஆண்டில் எல்சாடா குளோவர், லோயிஸ் ஜாட்டர் என்னும் இரு மாதர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தாவரநூல் வல்லார், நார்மன் நெவில்ஸ் என்பவர் செலுத்திய ஓடங்களில் இம்மலையிடுக்கு முழுவதையும் கடந்தனர். பெண்டிர்க்கு ஈது ஏற்றதன்றெனப் பலர் உரைத்தனர். அவ்விருவரோ ஓய்வு நேரத்தில் சமைத்தும், செடிகளைத் தொகுத்து உலர்த்தியும், அவ்விடத்துத் தாவரங்களின் பட்டியலை 1944இல் வெளியிட்டனர். இரண்டாம் உலகப்போரின் பின்னர், காற்றடைத்த ரப்பர் மிதவைகள் வழக்கிற்கு வந்தன. பாறையில் மோதின் மரம் பிளக்கும். ரப்பரோ வளைந்து மீளும்.

எனினும், ஒருமுறை கற்ற பாடம் என்றைக்கும் போதும் என்பதில்லை. 1966ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழை, கிறிஸ்டல் என்னும் சிற்றோடையின் வாயில் கற்களைக் குவித்து, முன்பு எளிதாயிருந்த ஓர் ஓட்டத்தை மிகக் கொடியதாக்கிற்று. 1983இல் மேலுள்ள அணையிலிருந்து பெருவெள்ளம் விடப்பட்டபோது, பெரிய மோட்டார் மிதவைகளும் அங்கே கவிழ்ந்தன. ஆகவே, பலமுறை கடந்தவரும் இன்றும் கரையிறங்கி, ஏறி நின்று, நீரை நோக்கிய பின்னரே ஓடத்தை அவிழ்க்கின்றனர்.

இக்காலத்து ஓடக்காரர் தம்முடன் வருவோர்க்குக் கற்பிப்பன சில: மிதவைச் சட்டையை இறுகக் கட்டுக, நீரில் விழின் மல்லாந்து, கால்களைக் கீழ்நோக்கி நீட்டி மிதக்க, ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலற்க, கால் கற்களிடையே சிக்கினால் நீர் ஆளை அமிழ்த்திவிடும், ஓடத்திற்கும் பாறைக்கும் இடையே அகப்படற்க, ஐயமுற்றவிடத்துச் சுமந்து செல்லுதலை இழிவென்று எண்ணற்க. 1869ஆம் ஆண்டில் மிதவைச் சட்டை பவல் ஒருவரிடமே இருந்தது என்பதை நினைக்குங்கால், இவ்விதிகளின் அருமை விளங்கும்.

மாணவர்களாகிய நமக்கும் இதில் ஒரு பயன் உண்டு. துணிவு வேண்டும், அதனுடன் கரையிறங்கி நோக்கும் பொறுமையும், தூக்கிச் செல்ல வேண்டுமிடத்துத் தூக்கிச் செல்லும் அடக்கமும் வேண்டும். நம்மைப் பிரிந்து வேறு வழி செல்லத் துணிந்தவரை இகழாது, கைகொடுத்து விடைதந்து, அவர் திரும்பி வருவாரோ என்று சற்றுக் காத்திருக்கும் அன்பும் வேண்டும். இவையெல்லாம் உடையார்க்கு ஆறு வழியாகும்.