கரண்ட் போனால் கம்ப்யூட்டர் தானே ஷட்டவுன் ஆகுமா?

கரண்ட் போனதும் யு.பி.எஸ். பீப் பீப் என்று கத்துகிறது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் ஃபைலை சேவ் செய்து, கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து விடுவீர்கள். வீட்டில் யாரும் இல்லை என்றால்? பேட்டரி தீர்ந்ததும் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்து விடும். ஹார்ட் டிஸ்க்கில் எழுதிக் கொண்டிருந்த ஃபைல் கெட்டுப் போகலாம்.

இதற்குத்தான் யு.பி.எஸ்.ஸின் பின்புறம் ஒரு போர்ட் வைக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் யுஎஸ்பி. பழைய யு.பி.எஸ்.களில் 9 பின்கள் கொண்ட சீரியல் போர்ட் இருக்கும். அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம்.

சீரியல் போர்ட்டில் டேட்டா செல்வது 2, 3 ஆகிய பின்களில். எளிய வகை யு.பி.எஸ்.கள் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. மோடத்துக்காக ஏற்பட்ட சிக்னல் கம்பிகளே அவற்றுக்குப் போதும். ஒவ்வொரு கம்பியும் ஒரு ஸ்விட்ச் போல. +3 முதல் +15 வோல்ட் வரை இருந்தால் ஆன். -3 முதல் -15 வோல்ட் வரை இருந்தால் ஆஃப்.

விண்டோஸ் எக்ஸ்பியின் யு.பி.எஸ். வசதி பயன்படுத்திய கம்பிகள் இவை:

* 8-வது பின், சிடிஎஸ்: கரண்ட் போய்விட்டது என்று யு.பி.எஸ். சொல்லும்.
* 1-வது பின், டிசிடி: பேட்டரி தீரப் போகிறது என்று யு.பி.எஸ். சொல்லும்.
* 4-வது பின், டிடிஆர்: யு.பி.எஸ்.ஸை அணையச் சொல்லிக் கம்ப்யூட்டர் கட்டளையிடும்.
* 5-வது பின்: கிரவுண்ட்.

சிடிஎஸ் மாறியதும் கம்ப்யூட்டர் உடனே அணையாது. கரண்ட் இரண்டு நிமிடத்தில் திரும்பி வரலாம் அல்லவா? அதனால் சிறிது நேரம் காத்திருக்கும். டிசிடி மாறினால் காத்திருக்காமல் ஷட்டவுன் செய்யும். கடைசி வேலையாக டிடிஆர் மூலம் யு.பி.எஸ்.ஸை அணைக்கும். இதனால் மிச்சமுள்ள பேட்டரி வீணாகாது.

கவனிக்க வேண்டியது கேபிள். எந்தப் பின்னுக்கு என்ன வேலை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆன், ஆஃப் அர்த்தமும் தலைகீழாக இருக்கலாம். சாதாரண சீரியல் கேபிளைச் செருகினால் சில யு.பி.எஸ்.கள் அதையே அணைக்கும் கட்டளையாக எடுத்துக் கொண்டு, ஓடிக் கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை அணைத்து விடும். யு.பி.எஸ்.ஸுடன் தந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

விண்டோஸ் விஸ்டாவில் இருந்து இந்த சீரியல் வசதி நீக்கப்பட்டு விட்டது. லினக்ஸில் நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேர் இவ்வேலையைச் செய்கிறது.

எல்லாம் இணைத்த பின் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். திறந்திருக்கும் ஃபைல்களை மூடி விட்டு, யு.பி.எஸ்.ஸுக்கு வரும் சுவர் ஸ்விட்ச்சை அணையுங்கள். கம்ப்யூட்டர் தானே ஷட்டவுன் ஆனால், இனி நிம்மதியாக வெளியே போய் வரலாம்.